கத்திரி சார் வெட்டிய இதயங்கள்

"ஆயிரம் இதயத்தைக் கலந்து கொட்டுங்க. நான் வெட்டினது எதுன்னு பார்த்த மாத்திரத்துல பொறுக்கி எடுத்துடுவேன்."

இது கசாப்புக் கடையில் கேட்ட பேச்சு அல்ல. இதயம் எப்படி உருவாகிறது, அடிபட்டால் எப்படி மறுபடி வளர்கிறது என்று ஆராயும் கண்ணியமான ஓர் ஆய்வகத்தில், தேநீர் வேளையில், பிஸ்கட்டை உயர்த்திப் பிடித்தபடி ஒரு முனைவர் வெளியிட்ட அறிக்கை. அவரை அங்கே எல்லோரும் கத்திரி சார் என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

அவர் தொழில் இதுதான். விரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீனை மயக்க நீரில் விட்டு, ஈரப் பஞ்சின் கீறலில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பில் சின்னதாக ஒரு திறப்பு. எட்டிப் பார்க்கும் இதயத்தின் நுனியைக் கத்தரிக்கோலால் துளி நறுக்கி, மீனை நல்ல தண்ணீரில் போட்டு, செவுள்மேல் நீர் பீய்ச்சி எழுப்ப வேண்டும். தையல் கிடையாது. மீன் சற்று நேரம் முறைத்துவிட்டு நீந்தப் போய்விடும். இரண்டு மாதத்தில் நறுக்கிய நுனி வளர்ந்துவிடும். மனிதருக்கோ மாரடைப்பில் போன தசை போனதுதான். அந்த இடத்தில் வடு வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். மீன் மட்டும் எப்படித் தப்பிக்கிறது என்பது ஆய்வகத்தின் கேள்வி. தன் கைராசியால்தான் என்பது கத்திரி சாரின் சொந்தப் பதில்.

இந்தச் சாம்ராஜ்யத்துக்குள் புதுசு வந்து சேர்ந்தாள். வந்து இரண்டு வருஷமாகியும் அவர் வாயில் அவள் புதுசுதான். அதற்குமுன் கோழிக் கருவின் இதயத்தை ஆராய்ந்தவள். "முட்டை உடைக்கத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் மீன் வெட்ட வந்துடாது" என்பது அவருடைய வரவேற்புரை. அவளுக்கு வந்துவிட்டது. அவள் வெட்டிய மீன்கள் சாக மறுத்தன. அதை அவர் அவளுடைய திமிராகவே எடுத்துக்கொண்டார்.

இதற்குப் பொறாமை என்று பெயர் வைத்துவிடக் கூடாது. அறிவியல் ஆர்வம். அவள் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அவருக்கும் அங்கே ஒரு வேலை முளைத்தது. அவள் மீன்கள் துள்ளினால், "பயந்து ஓடுது பாருங்க" என்பார். அசையாமல் நின்றால், "மந்தமாயிடுச்சு." அவள் கைகழுவும் சோப்பைக்கூட ஒருமுறை எடுத்து முகர்ந்து பார்த்தார். ரகசியம் எதுவும் அகப்படவில்லை. எலுமிச்சை வாசம்.

ஆய்வு வீட்டிலும் தொடர்ந்தது. அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்.

"சாப்பிட உட்கார்ந்தா அவ பேச்சு, படுத்தா அவ பேச்சு. நியாயமா எனக்குத்தாங்க வயிறு எரியணும். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

"எனக்கென்னடி வயித்தெரிச்சல்? அவளுக்குக் கை நிதானம் பத்தாதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

"ஊசியில நூல் கோக்கச் சொன்னா ஜன்னலுக்கு ஓடுறீங்க. ஒருநாள் கடைப்பக்கம் வாங்க, பவர் பார்த்துடலாம்."

"வெளிச்சம் பத்தலை" என்று அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

விஷயம் முற்றியது ஒரு நாற்காலியால். ஆய்வகத்தின் தலைவியான மேடம், வடுவைக் கரைக்கும் ஒரு மருந்தைச் சோதிக்கப் போவதாக அறிவித்தார். எல்லா மீனையும் ஒரே கைதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் மருந்தால் வந்ததா கையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அந்தக் கைக்குத்தான் ஜன்னலோர நுண்ணோக்கியும் அதன்முன் இருக்கும் சுழல் நாற்காலியும். பல வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து, கத்திரி சாரின் உடம்பு வாகுக்கே குழிந்துபோன நாற்காலி அது.

"ரெண்டு பேரும் வெட்டுங்க. ஆறினதும் யார் கைன்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றார் மேடம்.

இருவரும் வெட்டினார்கள். மீன்கள் ஆறின. இதயங்கள் மெல்லிய சீவல்களாகக் கண்ணாடித் தகடுகளில் ஏறின. அவற்றுக்குச் சாயம் ஏற்றினால் தசை ஆரஞ்சாகவும் வடு நீலமாகவும் தெரியும். வெட்டு பிசகினால் மீனுக்கும் கொஞ்சம் வடு தங்கிவிடும்; நீலம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல கை. யார் வெட்டியது என்று தெரியாமல்தான் மதிப்பெண் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். மேடம் பெயர்களை மறைத்து, தகடுகளைக் கலைத்து, தனக்கு மட்டும் புரியும் குறிகளை ஒட்டினார். குறி ஒட்டியவர் மதிப்பெண் போடக் கூடாது. போட்டியாளர்களை விட்டால் வடுவைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

"அதான் மறைச்சாச்சே, சாரே போடட்டும்" என்றாள் புதுசு.

அந்த அப்பாவித்தனத்துக்காக ஒரு கணம் அவளை அவருக்குப் பிடித்தே போயிற்று.

முதல் தகடு. முழுக்க ஆரஞ்சு, ஓரத்தில் நூலிழை நீலம். "வந்துட்டியாடா ராஜா" என்று முணுமுணுத்துப் பத்துக்குப் பத்து போட்டார். அடுத்ததில் நீலம் திட்டாகக் கிடந்தது. "வாம்மா முட்டை" என்று இரண்டு போட்டார். மனசாட்சி உறுத்தவே அடித்துவிட்டு ஒன்று ஆக்கினார். இரண்டுங்கெட்டானாக வந்தவற்றையெல்லாம் அவள் தலையில் கட்டி ஒன்றே போட்டார். வெட்டியது யாரென்று அந்த மீனே எப்போதோ மறந்திருக்கும், அவர் மறக்கவில்லை.

மறுநாள் எல்லோர் முன்னாலும் மேடம் குறிகளை அவிழ்த்தார். பத்தெல்லாம் அவளுடையவை. ஒன்றெல்லாம் அவருடையவை.

மேடம் நெகிழ்ந்துபோனார். "உங்க வெட்டு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆயிரத்துல பொறுக்குற ஆளாச்சே! தெரிஞ்சே விட்டுக்கொடுத்திருக்கீங்க."

யாரோ கைதட்டினார்கள். கத்திரி சார் வாய் திறந்தார். கைதட்டல் ஓயட்டும் என்று மூடிக்கொண்டார்.

"நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார்" என்றாள் புதுசு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா மேடம், யார் வெட்டினதுன்னு தெரிஞ்சு போட்ட மார்க் செல்லாதே. நாற்காலி சார்கிட்டயே இருக்கட்டும்."

"அதுவும் சரிதான்" என்றார் மேடம்.

ஆக, நாற்காலியும் கிடைத்தது, மகான் பட்டமும் கூடவே கிடைத்தது. அன்று முழுக்க ஆய்வகத்தில் அவருக்குத் தேநீர் கைக்கே வந்தது. அவர் அதைக் குடிக்காமலே ஆறவிட்டார். வீட்டில் அவள் பேச்சையே எடுக்காததால் மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மருந்துச் சோதனை தொடங்கும் நாள் காலையில் புதுசு உள்ளே வந்தபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தகடுகளை மாற்றி மாற்றி நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். குறிகளின்மேல் டேப் ஒட்டியிருந்தது.

"இங்க வாம்மா. இதுல நான் வெட்டினது எது?"

அவள் குனிந்து, இரண்டையும் மாற்றி வைத்துப் பார்த்தாள். "ரெண்டாவதுல இருக்கிற நீலம் உங்களோடதுன்னு நினைக்கிறேன். ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா கேட்பேனா?"

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"மார்க் செல்லும்னு மேடம்கிட்ட சொல்லிடு" என்று எழுந்தார். நாற்காலியின் பிடியை அழுத்தி, அதன் உயரத்தை அவள் அளவுக்கு இறக்கிவிட்டார். "பார்த்து உட்காரு. கொஞ்சம் இடப்பக்கம் சாயும்."