வளைகாப்பு வீட்டில் கத்திய ஸ்டியரிங்

எழுபதுகளின் கடைசியில், எனக்கு முன்னால் பலபேர் ஓட்டிக் களைத்துப்போன ஒரு பழைய காரை வாங்கினேன். உத்திரமேரூரில் நெல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தேவையே இல்லை. கார்க்காரன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பேச்சை முதலில் நம்பியவள் என் தங்கை. ராஜகுளத்தில் தறி நெய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "வளைகாப்பு முடிஞ்சதும் அண்ணன் கார்லதான் அம்மா வூட்டுக்கு வருவேன்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

வளைகாப்பன்று காலை கிளம்பியதிலிருந்தே சத்தம். நேராகப் போனால் ஒன்றுமில்லை. திருப்பினால் ஸ்டியரிங்குக்குள்ளிருந்து 'கிறீச்' என்றது. உள்ளே தண்டு அறுந்துகொண்டிருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஏரிக்கரை வளைவில், ஸ்டியரிங் சக்கரம் கழன்று கையோடு வர, சாப்பாட்டுத் தட்டைப் போல அதை ஏந்திக்கொண்டு நான் தண்ணீருக்குள் இறங்குவது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பயத்தில் நான் ஓட்டிய வேகத்துக்கு ஒரு மாட்டுவண்டி என்னை முந்தியது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், காரை மேய்ச்சிக்கினு போறீங்களா?" என்றார்.

ராஜகுளத்தில் தெருமுனை திரும்பியபோது கார் தன் முழுத் தொண்டையையும் காட்டியது. தங்கையின் மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா தம்பி, பூனைய கீன மிதிச்சிட்டியா?"

"இல்ல அத்தை, ஸ்டியரிங்கு."

"வாயும் வயிறுமா கீற பொண்ண இதுலயா ஏத்தப் போற? அந்தச் சத்தம் நின்னாத்தான் என் மருமவ படி தாண்டுவா. இல்லன்னா வேற நல்ல நாள் பார்த்துக்கலாம்."

அந்த மாதத்தில் வேறு நல்ல நாள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராகுகாலத்துக்கு முன்பே புறப்பட வேண்டும். பந்தலுக்குள் கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்த தங்கை என்னைப் பார்த்த பார்வையில், அழுகை பாதி, 'உன்ன நம்பினேனே' பாதி.

தங்கையின் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "வா மச்சான், நோயாளிய பார்த்துடலாம்."

அவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்ப, நான் புதுச்சட்டையோடு காருக்கடியில் படுத்துக் கேட்டேன். கிறீச் வந்தது, ஆனால் எங்கோ மேலிருந்து. பாரத்தினால் இருக்குமோ என்று ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைத் தூக்கித் திருப்பிப் பார்த்தோம். அப்போதும் கத்தியது. ஆக, கீழே குற்றமில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஸ்டியரிங் தண்டின் உறைமேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டேன். அடிப்பக்கம் அமைதியாக இருந்தது. மேலே போகப்போகச் சத்தம் ஏறி, ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே வந்ததும் காதைப் பிய்த்தது.

"அறுந்துடுச்சா மாப்ளே? மறைக்காம சொல்லு" என்றேன்.

அவர் குனிந்து, அந்தச் சக்கரத்தின் நடுக்குடத்துக்கும் தண்டின் உறைக்கும் நடுவிலிருந்த இடுக்கை நகத்தால் சுரண்டினார். மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

"சந்தனம்! ஆயுத பூஜைக்கு எவ்ளோ மச்சான் பூசின?"

"முதல் கார் இல்லையா... கொஞ்சம் தாராளமா."

"பொட்டு வெச்சியா, இல்ல சுவத்துக்குப் பூச்சு வேலை செஞ்சியா?"

பூஜைக்குப் பிறகு நான் காரை எடுத்ததே அன்றுதான்; இடுக்குக்குள் வழிந்த சந்தனம் காய்ந்து, கல்லாகி, திருப்பும்போதெல்லாம் உரசியிருக்கிறது. இதற்காகத்தான் நான் வழிநெடுக உயில் எழுதாத குறையாக வந்திருக்கிறேன்.

இடுக்கில் கத்தி நுழையவில்லை. மாப்பிள்ளை தறியிலிருந்து கழிவுப் பட்டுநூலைக் கொண்டு வந்தார். நாலைந்து இழையை முறுக்கி, கிருஷ்ணாயிலில் நனைத்து, தண்டைச் சுற்றி இடுக்குக்குள் விட்டு, ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துத் தயிர் கடைவதுபோல இழுத்தோம். மஞ்சள் குழம்பாக இறங்கியது. துடைத்து, விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ் எடுத்துத் தடவினோம். மாப்பிள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினார். மூச்சுகூட வரவில்லை.

மாமியார் நம்பவில்லை. "நானும் கூடவே வரேன். சத்தம் வந்துச்சோ, அங்கியே எறங்கிப்போம்" என்று முன்சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கை முறைத்தபடி உட்கார்ந்தார். ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பிவிட்டோம்.

வளைவு வரும்போதெல்லாம் நான்தான் "ஐயோ, பார்த்து... பார்த்து!" என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது, ஓட்டியதும் நான்தான். ஏரிக்கரையில் கண்ணை இறுக்க மூடப் போனவனுக்கு, "கண்ண தொற தம்பி!" என்று மாமியார் தொடையில் ஒன்று வைத்தார். பின்சீட்டில் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா, "கார் நல்லபடியா வந்துச்சா சம்மந்தி?" என்று கேட்டார்.

"கார் வாயே தொறக்கல சம்மந்தி" என்றபடி மாமியார் இறங்கினார். "உன் புள்ளதான் வழியெல்லாம் கத்திக்கினு வந்தான். அவனுக்குக் கொஞ்சம் கிரீஸ் போடு."