சூரியப் புயலுக்கு மறுநாள்

எங்கள் வீட்டு வளவில் இரும்புக்குத் தடை விதிக்கப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. தடை விதித்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி ஒன்றை வாகனச் சந்தடியில்லாத இடத்தில் புதைக்கவேண்டியிருந்தது. பெரியகல்லாற்றில், வாவிக்கரையில் போய் முடிகிற எங்கள் பின்வளவு அவர் கண்ணில் பட்டது.

கருவியின் பெயர் காந்தமானி. வீட்டில் அதைப் பெட்டி என்றே சொன்னோம். மண்ணுக்குள் இருந்தபடியே அளவுகளை மாமாவின் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அருகில் இரும்பு அசைந்தால் அதையும் சேர்த்து அளந்துவிடும் என்பதால் என் சைக்கிள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் தெருவில் நின்றது. அம்மாவின் கொடிக்கம்பியை அவிழ்த்துவிட்டு மாமா நைலோன் கயிறு கட்டினார். ஈரச்சேலையின் பாரத்தில் அது தரையைத் தொட்டது.

"என்ட உடுப்பெல்லாம் மண்ணில கிடக்கு. உன்ட பெட்டிக்கு மட்டும் ராசமரியாதை," என்றார் அம்மா. அப்பா எப்போதுமே அதிகம் பேசாதவர்.

ஒருநாள் மாமா தொலைபேசியில் துள்ளினார். சூரியனில் பெரிய வெடிப்பாம், காந்தப்புயல் பூமியை வந்து அடித்திருக்கிறதாம். நான் வெளியே ஓடிப் பார்த்தேன். வாவிக்கு மேலே கொக்குகள்தான் பறந்தன.

மறுநாள் மத்தியானம் மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை. மடிக்கணினியைத் திறந்து காட்டினார். புயல் தணிந்த பிறகு அமைதியாகப் போகவேண்டிய கோடு, காலையிலிருந்து மெல்ல ஏறி மெல்ல இறங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. யாரோ இரும்போடு பெட்டிப்பக்கம் போய்வந்திருக்கிறார்கள் என்று மாமா முடிவுகட்டிவிட்டார். அளவுகள் பிழை என்றால் பேராசிரியர் பெட்டியைத் தோண்டி எடுக்கச் சொல்லிவிடுவார். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

என்னையும் அம்மாவையும் விசாரித்து முடித்தபோது அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"காலையில பின்வளவுக்கு நீங்க போனீங்களா மச்சான்?"

"இல்ல."

"கையில மண்வெட்டி ஏதும் இருந்ததா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் அங்கால போகல்ல."

"அப்ப ஆரு வந்தது? உங்களுக்குத் தெரியாம இஞ்ச ஆரும் வரேலாதே."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். எழுந்து கழுவினார். பின்கதவால் இறங்கிப்போய், கரையில் கவிழ்த்து வைத்திருந்த தோணியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஆரிட்ட என்ன கேள்வி கேட்டுப்போட்டாய் நீ," என்றார் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் தொலைபேசி அடித்தது. தென்னிந்தியாவில் இதே போன்ற கருவி வைத்திருந்த நண்பர். அங்கேயும் கோடு ஆடியிருக்கிறது, அதே நேரத்தில், அதே மாதிரி. புயல் ஓய்ந்த பிறகும் பூமியைச் சூழ்ந்த காந்தப்புலம் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அங்கே பரந்து கிடக்கும் மின்னேற்றத் துகள்களின் திரளில், பிளாஸ்மாவில், மிக மெதுவான அலைகள் எழும். மாமா இதையெல்லாம் படித்துப் பரீட்சையும் எழுதியவர். ஆனால் அந்த அலை அவருடைய பெட்டிக்கே வந்து சேர்ந்தபோது அதை மண்வெட்டி என்று நினைத்துவிட்டார்.

சந்தோஷப்பட வேண்டியவர், செருப்புக்கூடப் போடாமல் வாவிக்கரைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"அது வானத்தில வந்த அலை மச்சான். இஞ்ச ஒருத்தரும் வரல்ல. நான் உங்களிட்ட அப்பிடிக் கேட்டிருக்கப்படாது."

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னா நீயாவது நம்புவாய் எண்டு நினைச்சன்," என்றார்.

பிறகு தள்ளி உட்கார்ந்து மாமாவுக்கு இடம்விட்டார்.

யுத்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன், அதே பின்வளவில் எதைப் புதைத்து வைத்திருக்கிறாய், ராத்திரி யார் வந்துபோனது என்று கேட்டு அப்பாவைக் கூட்டிப்போனவர்கள் மாதக்கணக்காக வீட்டுக்கு விடவில்லை. அவர் சொன்ன பதிலை ஒருவரும் நம்பவில்லை. இதை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து பெரியவளான பிறகு.

அன்று நான் கண்டது, மாமா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததைத்தான். அலை கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.