எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஒரு கல்லூரியின் கூடம். மூன்றாவது வரிசையில் என் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் பழுப்பு நிறக் கைப்பை. நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன், கூடம் சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வலக்கை விரல்கள் கைப்பையின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. ஆள்காட்டி விரல், நடு விரல், சுண்டு விரல், மறுபடி நடு விரல், மறுபடி ஆள்காட்டி. கொஞ்சம் நிறுத்தி, திரும்பவும் அதே ஐந்து தட்டு. பாவம், அலுத்துவிட்டது போலிருக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு வேறு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்காக ஏழு வருஷம் கழித்து வெட்கப்படுவாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பேன். அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் ஒரு சின்னத் தட்டச்சுக் கடை வைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் கடை. மனு அடிக்க வருகிறவர்கள்தான் பெரும்பாலும். பட்டா மாறவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அண்ணி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். கீபோர்டைக் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். அழுதுகொண்டு வருகிறவர்களிடம், "நீ இன்னா நடந்துச்சின்னு மட்டும் சொல்லு, அனுப்புநர் பெறுநர் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். இரண்டு நாற்காலியில் ஒன்று அவருடைய அம்மாவுக்கு. படாளத்தில் நிலபுலம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, கணவர் போனபின் மகளோடு வந்துவிட்டார். காலையில் மகளோடு கடைக்கு வந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். கையெழுத்துப் போடத் தெரியாது, வாய் மட்டும் ஊருக்கே போதும். நான் சொல்லப்போகும் காரியம் நடப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் இறந்துபோனார். அந்த நாற்காலியை அண்ணி எடுத்து உள்ளே போடவில்லை.

நான் ஊரப்பாக்கத்தில் ஒரு பார்சல் கம்பெனியில் குமாஸ்தா. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன், அவ்வளவே. என் லேப்டாப் ஒரு கட்டத்தில் ஆமை மாதிரி ஆகி, திறப்பதற்குள் டீ ஆறிவிடும் நிலைமை. கூட வேலை செய்தவர் ஒருவர் அதில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். காசு கிடையாது, வைரஸ் கிடையாது, பழைய பெட்டி புதுப்பெட்டி மாதிரி ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவை மாலை போட்டவன் கண்ணில் பட்டவரையெல்லாம் சாமி என்று கூப்பிடுவது மாதிரி, பார்த்தவர்களிடமெல்லாம் லினக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். லினக்ஸ் மாதிரிக் கட்டற்ற மென்பொருளைப் பரப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். சுதந்திரம் என்ற சொல்லை அந்த வருஷம் நான் சொன்ன அளவுக்கு வாழ்நாளில் சொன்னதில்லை. என்னைக் கண்டாலே அண்ணன் குளிக்கப் போய்விடுவான். அண்ணி மட்டும் உட்கார்ந்து கேட்டார். அவர் கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்களால் அவர் கம்ப்யூட்டரில் எந்நேரமும் வைரஸ். நான் மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். அண்ணி கொஞ்சம் யோசித்தார். "என் ஃபைலுங்க எல்லாம் அப்டியே இருக்குமா தம்பி? அது மட்டும் எனுக்கு முக்கியம்" என்றார். ஒரு எழுத்து மாறாது அண்ணி என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அவரும் படாளத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள், கடைச் சாவி என் கையில். ஃபைல்களையெல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டு, பழையதைத் துடைத்து, லினக்ஸைப் போட்டு, ஃபைல்களைத் திருப்பிப் போட்டேன். எல்லாம் தேன் மாதிரி நடந்தது. பிறகு ஒரு ஃபைலைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக அள்ளித் தெளித்ததுபோல் ஒரு பக்கம். அடுத்ததும் அப்படியே. மனுக்கள் அத்தனையும் அப்படியே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டு நாற்பதுக்கு மேல் ஃபைல்கள் தனியாக இருந்தன, அவையும் அப்படியே.

இப்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். முன்பெல்லாம் தமிழில் அடிப்பது என்றால், ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் எழுத்தின் சட்டையை மாட்டுவதுதான். டைப்ரைட்டரில் பழகிய விசையையே தட்டினால் போதும், உள்ளே விழுவது ஆங்கில எழுத்து, அந்த ஃபான்ட் இருந்தால் திரையில் தெரிவது தமிழ். ஃபான்ட் போனால் சட்டை போய்விடும், ஆள் அப்படியேதான் இருப்பான். நானோ தமிழைப் போனில் மட்டுமே அடித்துப் பழகியவன், இது எனக்குத் தெரியாது. வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். அண்ணிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அதுதான் காரணம், வேறு காரணம் தேடிப் பிரயோசனம் இல்லை. வைரஸ் புதுப் பெட்டிக்கும் தொற்றிவிடப் போகிறது என்று அத்தனை ஃபைலையும் அழித்தேன். என் ஹார்ட் டிஸ்கையும் சுத்தமாகத் துடைத்தேன். குழுவில் காட்டுவதற்கு வேடிக்கையாக இருக்குமே என்று எண் போட்ட ஃபைல்களில் ஒன்றை மட்டும் திரையோடு படம் பிடித்து வைத்துக்கொண்டேன். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்குக்காவது அது பூமாலை என்று தெரியாது. அது அண்ணியின் உழைப்பு என்று தெரிந்தே பிய்த்தவன் நான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணி தலை நிறையப் பூவோடு வந்தார். திரையைப் பார்த்து, "நல்லா பளிச்சினு கீது" என்றார். கொஞ்ச நேரம் மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தினார். "நம்பர் போட்டு கொஞ்சம் ஃபைலுங்க இருந்துச்சே தம்பி, எங்க வெச்சிகீற?" என்று கேட்டார். அதெல்லாம் வைரஸ் அடித்துவிட்டது, தூக்கிவிட்டேன், மனுதானே, மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரிப்பா. டீ போடறேன், குடிச்சிட்டு போ" என்று எழுந்தார். டீ நன்றாக இருந்தது, குடித்தேன்.

அம்மா என்ற ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும்படி கீபோர்டை மாற்றி வைத்து, அதற்கு ஒரு அட்டவணையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். முகம் பார்த்து அடித்த அண்ணி குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். போன தடவை அடித்த மனுவையே தேதி மாற்றிக் கேட்டு வருகிறவர்களை வெறும் கையோடு அனுப்பினார். அண்ணன் என்ன ஆயிற்று என்று கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "டிஸ்க் பூட்ச்சி. பழைய டிஸ்க்குதான, எத்தினி நாளிக்கு வரும்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்துதான் கல்லூரிக் கூட்டம். சாதாரண ஜனங்களும் லினக்ஸுக்கு மாறலாம் என்பது என் பேச்சு, அதற்குச் சாட்சியாக அண்ணியையே வரச் சொல்லியிருந்தேன். அவரை எழுந்து நிற்கச் சொன்னேன், கைதட்டினார்கள், கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டேன். இது வைரஸ் தின்ற ஃபைல், இது எந்த நாட்டு பாஷை என்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு இனித்தது. படத்தைச் சட்டென்று கீழே தள்ளிக் கடைசி வரியில் நிறுத்தினேன், அதில் ஐந்தே எழுத்துகள் தனியாக இருந்தன. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று மைக்கில் படித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு தடவை படித்தேன். அண்ணியின் விரல்கள் கைப்பையில் தட்டியது அப்போதுதான்.

கூட்டம் முடிந்ததும் குழுவில் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அது வைரஸ் இல்லப்பா. பழைய ஃபான்ட்ல அடிச்சது. மாத்தறதுக்கு ஒரு நிமிஷம் ஆவாது. ஃபைலுங்க பத்திரமா கீது இல்ல?" என்றார். கீது சார் என்றேன். வெளியே வந்தால் அண்ணி பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அதை வாங்கிக் குடித்துவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். அதற்கப்புறமும் இரண்டு கூட்டங்களில் அண்ணியின் கதையை வெற்றிக் கதையாகவே சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நாட்களில் அண்ணி தன் கடையைப் பூட்டிவிட்டு, அதே தெருவில் வேறு ஒருவர் கடையில், பழைய ஃபான்ட் இருந்த கம்ப்யூட்டரில், சம்பளத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

லினக்ஸ் மேல் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை, இதையும் அதில்தான் அடிக்கிறேன். குறை, அதைப் போட்டவனிடம்தான். போன மாதம் லேப்டாப் மாற்றும்போது அந்தப் படம் கண்ணில் பட்டது. ஏழு வருஷமாக அதைத் திறக்கப் பயந்தவன், என்ன தோன்றியதோ, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்து, பழைய தமிழைப் புதுத் தமிழாக்கும் ஒரு நிரலில் போட்டேன். மூத்தவர் சொன்னது சரி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அது மனுதான். ஆனால் மனு கொடுத்தவர் அண்ணியின் அம்மா.

"அனுப்புநர், படாளத்துக்காரி. பெறுநர், கலெக்டர் அய்யா. பொருள், எம் பொண்ணு வேளைக்கு சோறு துன்றதில்ல. அய்யா, ஊரு மனுவெல்லாம் இவ அடிக்கறா, இவுளுக்கு ஒரு மனு அடிக்க ஆளில்ல. மணி மூணாவுது, இன்னும் டப்பா தொறக்கல. நான் சொல்றத எல்லாம் அடிச்சிகினு சிரிச்சிகினு கீறாளே ஒழிய துன்ற வழியக் காணோம். நீங்க ஒரு ஆர்டர் போட்டா துன்னுவா. எனுக்கு அப்பால இவுள கேக்க ஆளில்ல. இப்படிக்கு."

அதற்குக் கீழே, நான் மைக்கில் படித்த அந்தக் கடைசி வரியில், அம்மா.

பழைய படத்தை ஒரு தாளிலும் தமிழை இன்னொரு தாளிலும் அச்செடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். கொளவாய் ஏரிப் பக்கம் வீடு. மேஜையில் வைத்து, ஹார்ட் டிஸ்கைத் துடைத்தது, கீது சார் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி தமிழ்த் தாளை ஒரு தடவை பார்த்து ஓரமாக வைத்தார். குப்பை என்று நான் நினைத்த தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் மேஜையில், கீபோர்டில் வைப்பதுபோல் வைத்தார். விரல்கள் ஓடின. விரல் ஓட ஓட வாய் படித்தது. அனுப்புநர், படாளத்துக்காரி. ஒரு இடத்திலும் திக்கவில்லை. கடை காலியாக இருக்கும் நேரத்தில், எனக்கும் ஒரு மனு அடி என்று அம்மா சொல்லச் சொல்ல அடித்தவையாம் எண் போட்ட அந்த நாற்பது சொச்சமும். ஏரிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, செத்துப்போன அப்பாவுக்கு மட்டும் ஆறு.

கடைசி வரியில் இடக்கை நின்றுவிட்டது. வலக்கை மட்டும் தட்டியது. ஆள்காட்டி, நடு, சுண்டு, நடு, ஆள்காட்டி.

"அண்ணி, அன்னிக்கி கூட்டத்துல" என்று ஆரம்பித்தேன்.

"படிச்சேன் பா" என்றார். "மேல நீ சட்டுனு தள்ளிட்ட. கடேசி வரிதான் நின்னுச்சி."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மேடைல நின்னுகினு இருந்த. எல்லாரும் சிரிச்சிகினு இருந்தாங்கோ. எப்டி சொல்றது" என்றார். தாளை மடித்து எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று உள்ளே போனார்.

இப்போது கண்ணை மூடினால் அந்தக் கூடம்தான் வருகிறது. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அண்ணியின் அம்மாவை மைக்கில் இரண்டு தடவை நான் கூப்பிட்டிருக்கிறேன். கூடம் முழுக்கச் சிரித்தது. மூன்றாவது வரிசையில், பழுப்புக் கைப்பையின் மேல், ஒரு கை மட்டும் என்னோடு சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது.