கன்னியம்மா சொன்ன நாலுகால் பாய்ச்சல்

பம்மல் மெயின் ரோட்டில் ஆப்பக்கடை வைத்திருந்த கன்னியம்மாவுக்கு ஏசுபாதத்தைக் கண்டாலே ஆகாது. ஏசுபாதம் தோல் கிடங்குகளுக்குக் குதிரை வண்டியில் சுமை அடிப்பவன். கன்னியம்மாவின் புருஷன் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து செத்தபோது, "குடிச்சிட்டு வுழுந்தான்" என்று முதலாளிக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவன் அவன். செத்தவன் சாராயக் கடைப் பக்கமே போகாதவன் என்பது தெருவுக்கே தெரியும்.

பதினோரு வருஷம் அந்தப் பகை ஆறவில்லை. அவன் வண்டி வந்தால் இவள் அடுப்புச் சாம்பலை ரோட்டில் வீசுவாள். அவனோ கடைக்கு நேரே நிறுத்தி, குதிரை லத்தி போட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்புவான்.

எண்பத்தாறாம் வருஷம் ஒரு காலையில், அவள் கடைக்கு எதிரிலேயே, சாம்பசிவன் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரின் ஸ்கூட்டரும் அந்த வண்டியும் மோதிக்கொண்டன. வாத்தியாருக்குக் கால் ஒடிந்தது. போலீஸ் ஏட்டு வந்து கன்னியம்மாவை விசாரித்தார்.

"வண்டி எப்படிம்மா வந்துச்சு?"

"நாலுகால் பாய்ச்சல்ல வந்தான் சார், பேமானி!"

வாயில் வந்ததைச் சொன்னாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்று ஓடுகிறவளைக்கூட அந்தத் தெருவில் நாலுகால் பாய்ச்சல் என்றுதான் சொல்வார்கள். ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவளும் மனநிறைவோடு கைநாட்டு வைத்தாள்.

ஒன்பது மாதம் கழித்துத் தாம்பரம் கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏசுபாதத்தின் வக்கீல் தனசிங் எழுந்தார்.

"நாலுகால் பாய்ச்சல்னா என்னம்மா?"

"வேகமா ஓட்றது."

"அப்படி ஓடும்போது குதிரையோட நாலு காலும் ஒரு நேரத்துல தரையை விட்டு எழும்பும். பின்னாடி வண்டி நெறைய ஈரத்தோல். எழும்புச்சா? நீ பாத்தியா?"

கோர்ட்டில் சிரிப்பு கிளம்பியது.

"ஆப்பம் சுடறவளுக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்?"

சுருக்கென்று தைத்தது. "இன்னா தெரியாது? பதினோரு வருஷமா தெனிக்கும் அந்த எழவுச் சத்தத்தக் கேட்டுகினு கீறேன்! பாய்ச்சல்னா தடதடன்னு வரும். அன்னிக்கு டக்கு டக்குன்னு ஒரே சீரா..."

பாதியில் வாய் நின்றுபோனது. என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"அந்த நடைக்கு என்ன பேரும்மா?" வக்கீலின் குரல் இறங்கியிருந்தது.

ஏசுபாதம் கைகட்டி நின்றான். ஒரே வார்த்தை, அவனை உள்ளே தள்ளிவிடலாம். அவன் அன்று முதலாளி முன்னால் இப்படித்தான் நின்று பொய் சொன்னான். அவளுக்கு நாக்கு கசந்தது.

"தொங்கோட்டம்," என்றாள். "நடைக்கு மேல, ஓட்டத்துக்குக் கீழ. ஸ்கூட்டருதான் சந்துலேந்து வந்து வுழுந்துச்சு."

அரசு வக்கீல் துள்ளி எழுந்து, இவள் பிறழ்சாட்சி என்றார். "அவன்கிட்ட எவ்ளோ வாங்கின?"

"இவன் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டேன்!" என்று கத்தியவளை மாஜிஸ்திரேட் அதட்டி அடக்கினார்.

ஏசுபாதம் விடுதலையானான். வாசலில் அவளை மறித்து, "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு இந்த அலைச்சல் கீதா?" என்றான்.

"ஒனக்கோசரம் சொல்லலடா நாயே. ஒன்ன மாதிரி எனக்கு வரல, அவ்ளோதான்."

அடுத்த வாரம் அதே ஏட்டு வந்து, நடைபாதைக் கடை என்று அடுப்பையும் ஆப்பச்சட்டிகளையும் லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மாதம் வீட்டு வேலை செய்து, பிறகு மாதா கோயில் தெருவில் புதிதாகக் கடை போட்டாள். வாத்தியார் வீட்டார் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

தொண்ணூற்று மூன்றில் ஏசுபாதத்தின் சவப்பெட்டி அந்தத் தெரு வழியாகத்தான் போனது. தெருவே எழுந்து நின்றது. கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றி, மூடிபோட்டாள்.