ஆமென் சொன்ன பிறகு

அண்ணன் செங்குட்டுவன் வடக்குத்து ஊர்ச் சாலை வளைவில் லாரி மோதி இறந்தபோது நான் வெளிநாட்டில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பினேன். அண்ணி எஸ்தருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்த வளைவுக்கு முன்னால் ஸ்கூட்டியை விட்டு இறங்கி வெகுநேரம் நிற்பாராம். இனியும் தாமதமானால் வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

இன்று பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வண்டியை நிறுத்தி, கண்ணை மூடி ஜெபித்தார்.

“பயம் போச்சா அண்ணி?”

“இல்ல சத்யா. ஆமென் சொல்லிட்டேன், இனிமே எதுக்கு நின்னுகினு இருக்கணும்? கர்த்தர் பாத்துப்பாரு. நீ ஆடாம உக்காரு.”

இறங்காமல் ஓட்டினார். வளைவு முடிந்தது. இருவரும் அழவில்லை. ஷிப்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.