மதிலோரப் பயற்றங்கொடி

விவசாயப் பாடத்தை நான் விரும்பித்தான் எடுத்தேன் என்றால் எங்கள் வீட்டில் இன்றும் ஒருவரும் நம்புவதில்லை. கணினிப் பாடத்தில் இடம் கிடைக்காதவர்களும் மனையியலுக்குப் பயந்தவர்களும் ஒதுங்குகிற இடம் அது. எங்கள் பெண்கள் பாடசாலையோ கடலுக்குக் கிட்ட. காற்றடித்தால் கொப்பிக்குள்ளும் மணல். அந்த மணலில் நின்றுகொண்டு, களிமண் தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கும் என்று கிழமைக்கணக்காகப் படித்தோம். களிமண்ணைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. சேர் கரும்பலகையில் கீறிக் காட்டினார். மண்ணிறச் சோக் இல்லாதபடியால் எங்கள் களிமண் ரோசா நிறத்தில் இருந்தது.

சேர் நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. வெள்ளைச் சேர்ட்டில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் விவசாயம் கற்பிக்க எல்லோராலும் முடியாது. வேப்பமர நிழலை விட்டு அவர் வெளியே வந்து நான் கண்டதில்லை. ஒட்டுக்கட்டும் பாடம் நடந்தபோது, வளவில் இருந்த ஒரே கொய்யா மரத்தின் கொப்பெல்லாம் பொலித்தீன் சுற்றினோம். ஒன்றும் ஒட்டவில்லை. மரம் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் போலக் கனநாள் கட்டுகளோடு நின்றது.

இத்தனைக்கும் எங்கள் வாப்பா வயல்காரர். நற்பிட்டிமுனைக்கு அங்கால் வயல். அந்த வயல் நெல்லில் வளர்ந்த உடம்பு இது. ஆனால் அது கிழக்கே கிடக்கிறதா மேற்கே கிடக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பெண் பிள்ளை. எனக்கு மூத்த ஆண்பிள்ளை காக்கா. வணிகம் படித்தவர், நெல்லையும் புல்லையும் பக்கத்தில் வைத்தால் திகைத்துப் போவார். அவரைத்தான் வாப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போவார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாப்பா, என்னையும் ஒரு நாளைக்கி வயலுக்குக் கூட்டிப் போங்களன்."

"பொம்புளப் புள்ளக்கி வயலுக்குள்ள என்ன வேல?"

"நான்தானே வாப்பா விவசாயம் படிக்கன்."

வாப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, படிச்சத்தப் பாப்பம். உன்ட கையால ஒரு பயித்தங்கா காய்க்க வெச்சி வீட்ட கொண்டு வா மகள். அறுவடைக்கிக் கூட்டிப் போறன்."

ஒரு பயற்றங்காய்தானே! அன்றிரவு எனக்கு வயல் கிடைத்துவிட்ட மாதிரியே இருந்தது.

விதைக்கிற நாள் மேலிடத்துச் சுற்றறிக்கையில் வந்தது. நோன்பு எப்போது தொடங்குகிறது என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளையும் சொல்லும். நோன்பு மாதம் எங்கள் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பது அந்த மேலிடத்துக்குத்தான் தெரியாது. சேருக்குத் தெரியும். "மேலிடம் செல்லினா விதைக்கத்தானே வேணும்" என்றார், நிழலில் இருந்தபடி. ஆளுக்கொரு பாத்தி போட்டோம். பயறு முளைத்து, இலை விட்டு, எங்களைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிய கிழமை பிறை கண்டது. பாடசாலையைப் பூட்டிவிட்டார்கள்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு ஓடிப்போய்க் கேற்றைத் தட்டினேன். வாச்சர் தலையை மட்டும் நீட்டினார்.

"ஸ்கூல் லீவு. பயிருக்கும் லீவுதான், போ புள்ள."

"அப்ப நீங்களாவது கொஞ்சம் தண்ணி ஊத்துங்களன்."

"நோம்ப வெச்சிக்கிட்டு நான் கிணத்துல அள்ளுறதா? உன்ட பயித்தைக்கும் நோம்பெண்டு நெனச்சிக்க."

"நோம்பெண்டா பொழுதுபட மஹ்ரிபுக்குத் துறக்கோணுமே!"

வாச்சர் தலையை உள்ளே இழுத்தார். கேற்றைச் சாத்திக்கொண்டு போனார்.

என் நல்ல காலத்துக்கு என் பாத்தி பின் மதிலோடு இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் என் கூட்டாளியின் வீடு. பின்னேரமானால் அங்கே போய், உடுப்புத் துவைக்கிற கல்லில் ஏறி, வாளியை மதிலுக்கு மேலால் கவிழ்ப்பேன். பாதித் தண்ணீர் என் தலையில் விழும். பாத்தியின் ஓரத்துச் செடி ஒன்றுக்கு மட்டும்தான் மீதி எட்டும். கூட்டாளியின் உம்மா நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே ஏசுவார். "கொமருப் புள்ள மதில்ல ஏறி நிக்கா! பாக்கிறவன் என்ன நெனப்பான்? உனக்கென்ன புள்ள கிறுக்கா?" ஏசி முடித்துவிட்டு ஒரு கோப்பை கஞ்சியும் தந்து விடுவார்.

பெருநாள் கழித்துப் பாடசாலை திறந்தபோது பாத்திகளெல்லாம் காய்ந்த வைக்கோல். மதிலோரம் மட்டும் ஒரு கொடி ஏறி, காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு காயைப் பறிக்கக் கையை நீட்டினேன்.

"விடு, விடு!" என்று நிழலிலிருந்து சத்தம் வந்தது. "நாளைக்கி மேலிடத்துப் பெரிய ஆள் ஒராள் தோட்டம் பாக்க வாறார். காட்டிப்போட்டுப் பறி."

பெரிய ஆள் வந்தார், பார்த்தார், மகிழ்ந்தார். எங்கள் ஊரில் வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. சேர் முதல் தடவையாக வெயிலுக்குள் இறங்கி வந்து, கொடியிலிருந்த காய் அவ்வளவையும் பிடுங்கி, பேப்பரில் சுற்றி, அவருடைய காருக்குள் வைத்தார்.

"சேர், அது என்ட காய்!"

"அதுக்கென்ன புள்ள? உனக்கு முழுப் புள்ளி போட்டிரிக்கன்தானே."

காய்ந்த பாத்திக்காரிகளுக்கும் முழுப் புள்ளிதான். அவர்களுடைய பயறும் சுற்றறிக்கைப்படி செழிப்பாக வளர்ந்ததாகவே கணக்கு. அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டுக்கு வந்து புள்ளியைச் சொன்னேன். "புள்ளியக் கறியாக்கித் திண்ணலாமா மகள்?" என்றார் வாப்பா. உம்மாகூடச் சிரித்தார். அந்த அறுவடைக்குக் காக்கா போனார். வெயில் தாங்கவில்லை என்று தலையிடியோடு திரும்பி வந்தார். நான்தான் தேசிக்காய் பிழிந்து கரைத்துக் கொடுத்தேன். அந்தக் கோப்பையை அவர் தலையிலேயே கவிழ்க்கவேண்டும் போல இருந்தது.

சாதாரணதரப் பரீட்சையில் விவசாயத்துக்கு எனக்கு ஏ தரம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறவர்களையெல்லாம் மறித்து வாப்பா அதைச் சொன்னார். பெருமைக்குப் பஞ்சமில்லை.

இந்தப் போகம் வயலில் வேளாண்மை திட்டுத் திட்டாக மஞ்சளித்தது. வாப்பா சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு நெல் இலையை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீதானே ஏ எடுத்தவ. இது என்னண்டு செல்லு பாப்பம்."

"இலையப் பாத்துச் செல்ல ஏலா வாப்பா. அறக்கொட்டிப் பூச்சியெண்டா பயிர்ர அடியிலதான் இரிக்கும். வெலக்கிப் பாக்கோணும். என்னக் கூட்டிப் போங்க."

வாப்பா யோசித்தார். கனநேரம் யோசித்தார். நான் செருப்பைக்கூடத் தேடிவிட்டேன்.

"நீ என்னத்துக்கு வெயில்ல அலையிற? காக்கா போய்ப் போன்ல காட்டுவான்" என்றார்.

காக்கா வீடியோவில் வந்தார். முதலில் அவருடைய பெருவிரல் தெரிந்தது, பிறகு சேறு அப்பிய கால், பிறகு பயிரின் அடி. கபில நிறத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டு இருந்தன.

"ஓம், அறக்கொட்டிதான். வயல்ல நிக்கிற தண்ணிய வடிய விடச் செல்லுங்க."

"சரி, சரி."

தண்டுகளுக்குப் பின்னால் ஏதோ பச்சையாக அசைந்தது.

"காக்கா, போனக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்களன்."

"என்னத்த?"

"வயல."

"டேட்டா முடியப் போகுது புள்ள, வைக்கன்" என்றார்.