நைனா மஞ்சள் பூசிய ராக்கெட்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அழுதுகொண்டே படிக்காதீர்கள். நைனா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரை நினைத்தால் மகளாகிய எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ராக்கெட்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் கைதட்டத்தான் தோன்றுகிறது.

நைனா பிறந்தது லைட்ஹவுஸ் குப்பத்தில். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். ஒரு புயலில் கரையில் கிடந்த படகு உடைந்தது. அதை இழுத்துக் காப்பாற்றப் போய் அவருடைய தோளும் போனது. அதற்குப் பிறகு வலை இழுக்க முடியவில்லை. அம்மா பழவேற்காட்டில் மீன் விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் நைனா யாரோடும் சரியாகப் பேசமாட்டார்.

அப்போதுதான் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ராக்கெட் கிடங்கில் ஒப்பந்த வேலை கிடைத்தது. காலம் முடிந்த ராக்கெட்டுகளையும் ஏவுகணைகளையும் அங்கே வைத்திருந்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் அம்மா கேட்டது இது:

"ராக்கெட்டுனா மேல போவணும். அத்த இன்னாத்துக்கு உள்ள வெச்சி பூட்றாங்க?"

"வயசாயிடுச்சினு ரிட்டயர் பண்ணிட்டாங்கம்மே."

"அப்ப உன்னிய மாரினு சொல்லு!"

நெடுநாளைக்குப் பிறகு நைனா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கே அவருக்கு வேலை, அவற்றைத் துடைப்பதும் பொறியால் புரட்டிப் படுக்கவைப்பதும். உள்ளே இருக்கும் எரிமருந்து ரப்பர் மாதிரி இருக்குமாம். ஒரே பக்கமாகக் கிடந்தால் தொய்ந்துவிடும் என்று அவ்வப்போது கால் சுற்று சுற்றி வைப்பார்களாம். உள்ளே நுழையும் முன் சுவரில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் மின்சாரம் ஒட்டியிருந்தால் அது இறங்கிவிடும். அந்தப் பழக்கம் முற்றிப்போய், நைனா வீட்டில் அடுப்படிக்குள் வரும்போதும் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் வருவார். "சோத்துப்பானை வெடிச்சிடுமா?" என்று அம்மா கேலி செய்வார்.

அந்தக் கிடங்கிலிருந்து ஒன்றாவது மேலே போக வேண்டும் என்பதே நைனாவின் ஆசை. பெரும்பாலும் அவற்றைப் பிரித்துப் போடுவார்கள், இல்லையென்றால் எரித்துவிடுவார்கள். ஒருநாள் நல்ல சேதி வந்தது. பழைய ஏவுகணை ஒன்றின் முனையில் இருந்த வெடியைக் கழற்றிவிட்டு, மேலே காற்றை அளக்கும் கருவியை வைத்து அனுப்பப் போகிறார்கள். அவர் புரட்டிய வரிசையிலிருந்துதான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்களாம். நைனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். படகின் முன்பக்கத்தை நாங்கள் அணியம் என்போம். முதன்முதலாகக் கடலுக்குப் போகும் படகின் அணியத்தில் மஞ்சள் பூசாமல் எங்கள் குப்பத்தில் யாரும் தள்ளமாட்டார்கள். நைனா மடியில் மஞ்சளை முடிந்து கொண்டுபோய், அந்த வரிசை முழுவதற்கும் அணியத்தில் பூசிவிட்டார்! எது போகும் என்று தெரியாதே, ஒன்றுக்கு மட்டும் பூசினால் மற்றது கோபித்துக்கொள்ளுமே என்பது அவர் கணக்கு.

சோதனைக்கு வந்த அதிகாரி மேடம் மஞ்சள் கறையைப் பார்த்துத் திகைத்துவிட்டார். மருந்து கசிகிறது என்று நினைத்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். கசிவு என்றால் அந்த வரிசையே எரிக்கப்பட வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் நைனாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் ராக்கெட் போகும்.

நைனா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையாம். நேராகப் போய் நின்றார்.

"அது கசிவு இல்லீங்க மேடம். மஞ்சா. நான்தான் பூசனேன்."

"மஞ்சளா? எதுக்குங்க?"

"மொத தபா போவப்போவுது இல்லீங்களா."

மேடம் சிரிக்கவில்லை. நைனாவை வெளியே நிற்கவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சோறு தின்னவில்லை. வேலை போய்விடுமே என்று அம்மா தவித்தார். "அத்த எரிச்சிடுவாங்களோ?" என்றுதான் நைனா திரும்பத் திரும்பக் கேட்டார்.

கறையைச் சுரண்டிப் பார்த்ததில் மஞ்சள்தான் என்று உறுதியானது. வந்த சந்தேகத்தில் அந்த வரிசை முழுவதையும் எக்ஸ்ரே படம் பிடித்து உள்ளே பார்த்தார்கள். விரிசல் இல்லை, தொய்வு இல்லை. நைனாவைத் திட்டித் தீர்த்துவிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுத்த ராக்கெட்டை வண்டியில் ஏற்றிய அன்று மேடமே அவரைக் கூப்பிட்டார். "இன்னைக்குப் பூசிக்கோங்க. ராக்கெட்ல இல்ல, வண்டியில!"

ஏவும் நாளில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். குப்பமே முணுமுணுத்தது. "உன் ராக்கெட்டால எங்க வலை காயுது" என்று என் தாய்மாமா நைனாவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனாலும் காலையில் ஊரே கலங்கரை விளக்கத்தருகே மணலில் நின்றது.

வடக்கே ஒரு வெளிச்சம். புகை நிமிர்ந்து எழுந்தது. சத்தம் பிறகுதான் வந்து எங்கள் நெஞ்சில் மோதியது. அப்பப்பா, அந்த வேகம்! நைனா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே ஓடினார். தூக்கவே முடியாத அந்தத் தோளும் சேர்ந்தே உயர்ந்தது.

"போய்ட்டான்! என் புள்ள போய்ட்டான்!"

நான் கத்தினேன், அம்மா கத்தினார். முறுக்கிக்கொண்டு நின்ற மாமா ஓடிப்போய் நைனாவைத் தோளில் தூக்கிக்கொண்டார். அன்று முழுவதும் வீட்டில் டீ போட்டு மாளவில்லை.

கடைசி மாதங்களில் பக்கவாதம் வந்து நைனா படுக்கையானார். புண் வராமலிருக்க அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார் மருத்துவர். நானும் அம்மாவும் புரட்டும்போது குழறிக் குழறிச் சொல்வார்: "கால் சுத்து போதும்மா. மருந்து தொய்யாது." சிரித்துக்கொண்டே புரட்டுவோம். ஒருநாள் விடியற்காலையில் அமைதியாகப் போய்விட்டார்.

நைனாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், பாய் விரித்து, பந்தல் போட்டு, எங்களுக்குச் சோறு கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டாருக்கும், அக்கரையிலிருந்து வந்து நைனாவின் நெற்றியில் தன் கையால் மஞ்சள் வைத்த மேடத்துக்கும் எங்கள் நன்றி.

என் குப்பத்து ஜனங்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? நைனாவின் ராக்கெட்டுக்காக ஒருநாள் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றீர்கள். அது அரசாங்க உத்தரவு. நைனாவைத் தூக்கிப் போன அன்றும் ஒரு படகுகூடக் கடலில் இறங்கவில்லை. அன்றைக்கு மைக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை.